களிம்பைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பழைய மிக்சிக்கும் புறாக்கூண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு தார்ப்பாயில் பட்டாளத்துச் சாமான் கிடக்கும்: பித்தளைத் தொலைநோக்கி, பெல்ட் பக்கிள், தொப்பி முத்திரை, எப்போதாவது ஒரு மெடல். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கன்டோன்மென்ட், தாம்பரத்தில் விமானப்படைத் தளம் என்று தலைமுறைகளாகச் சீருடையோடு வாழ்கிற ஊர்கள் இவை. அசல் பொருள் இங்கே கிடைப்பதில் ஆச்சரியமில்லை. அந்தத் தைரியத்தில்தான் போலியும் விலைபோகிறது.

நம்பிக்கை: களிம்பு ஏறியிருந்தால் பழசு.

உப்பும் அம்மோனியாவும் இருந்தால் போதும், புதுப் பித்தளைக்குச் சில நாளில் நூறு வயது கூடிவிடும். நிஜமாகவே புழங்கிய கருவியில் கை படுகிற இடம் தேய்ந்து வழவழத்திருக்கும், மூலைமுடுக்குகளில்தான் கறுப்பு தங்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் களிம்பு இருந்தால் அது வாளியில் முக்கி எடுத்தது. பிறகு எழுத்துக்கு வாருங்கள். 'கெல்வின் அண்டு ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்த தொலைநோக்கியையும் செக்ஸ்டன்ட்டையும் "வெள்ளைக்காரன் காலத்துப் பொருள் சார்" என்று நீட்டுவார்கள். கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் இணைந்து அந்தப் பெயரில் ஒரே கம்பெனியானது 1947-ல். முப்பது வருஷம் முன்கூட்டியே யார் பொறித்தது? இந்த மாதிரிக் கருவிகளைப் புதிதாகச் செய்யும் பட்டறைகள் உத்தராகண்டின் ரூர்க்கியில் இருக்கின்றன. அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. மேசைக்கு அழகாகவும் இருக்கும்.

நம்பிக்கை: இது எம்டன் போட்ட குண்டு.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அதற்குப் பிறகு இந்த ஊரில் கிடைக்கிற கனமான இரும்பெல்லாம் எம்டன் குண்டாகிவிட்டது. அந்தக் கப்பலின் பீரங்கிகள் 10.5 செ.மீ. விட்டம் கொண்டவை. குண்டு நீளமாக, முனை கூர்ந்து இருக்கும். ஆகவே உருண்டையான இரும்புப் பந்து எம்டன் குண்டாக இருக்க வழியே இல்லை. பழைய பீரங்கிக் குண்டாக இருக்கலாம். 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் பரங்கிமலையிலேயே மோதியிருக்கிறார்கள். ஆனால் சிமென்ட் ஆலையின் அரவை உருண்டையாகவோ, பள்ளி மைதானத்திலிருந்து வந்த ஷாட்புட்டாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். கூடவே, விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்ற கதையும் கேட்கக் கிடைக்கும். 1914-ல் அவர் சூரிச்சிலும் பெர்லினிலும் அரசியல் வேலையில் இருந்தார். கப்பலில் இருந்ததற்குச் சான்று இல்லை.

துருப்பிடித்த குண்டு செத்த குண்டு என்பது இதைவிட மோசமான நம்பிக்கை. 2004 செப்டம்பரில் டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில், வெளிநாட்டிலிருந்து பழைய இரும்போடு வந்த குண்டு ஓர் எஃகு ஆலையில் வெடித்து 10 பேர் செத்துப்போனார்கள். காயலான் கடையில் கூர்முனைக் குண்டைப் பார்த்தால் பேரம் பேசாதீர்கள், தொடாதீர்கள். தள்ளி நின்று 112-ஐ அழையுங்கள்.

நம்பிக்கை: நேதாஜி காலத்துத் தபால் உறைக்கு லட்சக்கணக்கில் விலை.

நேதாஜியின் ஆசாத் ஹிந்த் தபால்தலைகள் 1943-ல் பெர்லின் அரசு அச்சகத்தில் அச்சானவை. தபாலில் புழக்கத்துக்கு வரவே இல்லை. முத்திரை குத்திய உறையைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். மலாயாவிலிருந்து திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், போர்க்காலத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரனின் வாழைமர நோட்டு அசல்தான். ஆனால் அதைக் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள், 1945-ல் செல்லாக்காசானது. அதை விற்று வீடு கட்ட முடியாது.

நம்பிக்கை: பெயர் இல்லாத மெடல் போலி.

இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேதான் கொடுத்தது. இந்திய வீரர்களுக்குப் போனவற்றில் பெயர் உள்ளவையும் உண்டு. முதல் போரின் வெள்ளி மெடல் வேறு கதை. அதன் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்ன எழுத்தில் அச்சுக் குத்தியிருக்கும். அந்த ஒரு வரிதான் மெடலின் உயிர். பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் வெட்டுகிற வேலையும் நடக்கும். ஒரு காலிப்பர் எடுத்து அளந்தால் அகப்பட்டுவிடும்: விட்டம் சுமார் 36 மி.மீ. வர வேண்டும். ராவியதில் அது குறையும், ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வித்தியாசம் காட்டும். வீரர் போரில் இறந்தவர் என்றால் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் காசில்லாமல் தேடலாம். நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறையும் அவர்கள் பராமரிப்பதுதான். முதல் போரில் மாண்டு இந்தியாவின் வேறு இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவுச் சின்னமும் அங்கே இருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு வருஷம் தாண்டிய சரித்திரப் பொருள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் போர் மெடல்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. அதனால் 'அமெரிக்காவில் வாங்க ஆள் இருக்கிறது' என்று எவராவது சொன்னால் கவனம்.

1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது உலகெங்கும் ஏராளமான மெடல்கள் உருக்கும் பாத்திரத்துக்குப் போய்விட்டன. இப்போதும் வெள்ளி விலை நமக்கு ஆசை காட்டுகிறது. தாத்தாவின் மெடல் வீட்டில் இருந்தால் பாலிஷ் போடாதீர்கள், நைந்த ரிப்பனை மாற்றாதீர்கள். அடகுக்கடைக்குத்தான் போயாக வேண்டும் என்றாலும், முதலில் விளிம்பு எழுத்தைப் படமெடுத்து, அவர் ஊர், அப்பா பெயரோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.