கரிசல் மார்கழியும் கரண்ட் பில்லும்

வடநாட்டில் குளிர்காலம் வந்தால் அறையைச் சூடாக்கவே கரண்ட் செலவாகும். கோவில்பட்டிக்கு அந்தக் கவலை இல்லை. மார்கழி விடியலில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குகிற வெப்பம் மதியம் 30ஐ எட்டிப் பார்த்துவிடும். காட்டில் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் பனி ஈரத்தைக் குடித்து நிற்கிற இந்த நாட்களில், வீட்டில் யூனிட்டை ஏற்றுவது குளிக்கிற வெந்நீர்தான்.

இன்னொன்றும் உண்டு. கயத்தாறு பக்கம் நிற்கும் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரைதான் வேகமாகச் சுழலும். மார்கழியில் காற்று தளர்ந்துவிடும். அப்போது வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மதிப்பு அதிகம்.

முதலில் மீட்டரைப் பாருங்கள். இன்று காலை உள்ள எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்து, நாளை அதே நேரத்துக்கு மறுபடி பார்த்தால் ஒரு நாள் செலவு தெரிந்துவிடும். அதை அறுபதால் பெருக்கினால் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை கிடைக்கிற சலுகை விலை போய்விடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 500க்கும் 510க்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பத்து யூனிட் காசோடு நிற்காது.

அடுத்து வெந்நீர். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.26 யூனிட் ஆகிறது. நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு இது 63 யூனிட். அதே தண்ணீர் 33 டிகிரியில் இருந்தால் 29 யூனிட்டே போதும். அந்த எட்டு டிகிரியை வெயில் சும்மா தரும். காலை பத்து மணிக்குக் கறுப்பு டிரம்மிலோ அலுமினிய அண்டாவிலோ தண்ணீர் நிரப்பி, மூடிபோட்டு, வெயில் விழுகிற மொட்டைமாடியில் வைக்க வேண்டும். அண்டாவின் வெளிப்பக்கம் கரி படிந்து கறுத்திருந்தால் தேய்க்க வேண்டாம், கறுப்புதான் வெயிலை வாங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலரை, ஐந்து மணிக்கு அதில் குளித்துவிடலாம்.

விடியற்காலையில் குளித்துக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி. மாடித் தொட்டித் தண்ணீர் இரவெல்லாம் பனியில் கிடந்து ஜில்லிட்டுவிடும். கிணற்றிலும் போரிலும் நிலத்தடி நீர் அப்படி மாறுவதில்லை. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே லேசாக ஆவி பறப்பதைக் கூடப் பார்க்கலாம். ஆகவே போர் உள்ள வீடுகளில் முதல் நாள் சாயங்காலம் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பாமல், குளிக்கப் போகிற நேரத்தில் போட்டு நேரே வாளியில் பிடித்துக்கொள்ளலாம். மோட்டாருக்கு ஆகிற கரண்ட் எப்போது போட்டாலும் ஒன்றுதான். பலருக்கு அந்தத் தண்ணீரைச் சூடுபண்ண வேண்டிய தேவையே இருக்காது.

ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள் அதை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். போர்த் தண்ணீரின் உப்பு சுண்ணாம்புபோல வெள்ளையாகச் சுருளில் அப்பிக் கிடக்கும். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்கு விடாது, ராடும் சீக்கிரம் போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, ராடு முழுவதும் ஆறிய பிறகு, சுருளை மட்டும் கெட்டிப் புளித்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்தால் படிவு இளகி உரிந்து வரும். ஒன்றை மறக்கக் கூடாது: தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரல் வைத்துப் பார்ப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ராடு ஓடும்போது பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

குளிர் காலத்திலும் ஃபேன் ஓடுவது கொசுவுக்காக. 75 வாட் பழைய ஃபேன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். கொசுவலை கட்டினால் அது அப்படியே மிச்சம். ஃபேன் இல்லாமல் முடியாது என்பவர்கள், சுவரில் பெட்டிபோல இருக்கும் பழைய ரெகுலேட்டரை முதலில் மாற்ற வேண்டும். வேகத்தைக் குறைத்தாலும் அது கரண்டில் ஒரு பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

அடுப்படியில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பருப்பையும் கம்பையும் ஊறவைத்து, மூடிபோட்டு வேகவைத்து, கொதி வந்ததும் தீயைத் தணித்தால் சிலிண்டர் கூடுதலாக நாள் வரும். ஃபிரிட்ஜ் குமிழைக் கோடையில் வைத்த எண்ணிலிருந்து ஒன்று இறக்கிவிடலாம்.

ஒரு வாரம் இப்படி ஓட்டிவிட்டு, எட்டாம் நாள் காலை அதே நேரத்தில் மீட்டரைப் பார்த்து, காலண்டரில் முதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். நினைத்த அளவு குறையவில்லை என்றால் மறுநாள் ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மீட்டரில் சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சிமிட்டினால் எங்கோ ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் டிவி பெட்டியும் இன்வெர்ட்டரும்தான் மாட்டும்.