மறைத்தது என்ன என்று பார்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டையும் வண்டியை விற்ற கன்சல்டிங்காரரின் டெலிவரி நோட்டையும் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, இரண்டையும் பார்த்தேன். வண்டி வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம் என்கிறார்கள். விற்றவர் ரிப்பேர் செலவில் பாதி தருகிறாராம், வண்டியை மட்டும் திரும்ப எடுக்க மாட்டாராம். ஒத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இன்னும் ஒத்துக்கொள்ளாதே.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் செலவு எவ்வளவு என்பதில்தான் தொடங்குவார்கள். நான் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்த காலம் முழுக்கப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: செலவு இரண்டாவது கேள்வி. இந்தப் பழுது வயதால் வந்ததா, உன்னிடமிருந்து மறைக்கப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. பத்து வருட வண்டியில் கிளட்ச் தேய்ந்திருக்கும், சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கும், ஏசி முன்போலக் குளிராது. நீ கொடுத்த விலையே அதையெல்லாம் கணக்கில் வைத்துப் பேசிய விலைதான். அவற்றுக்காக வண்டியைத் திருப்பினால் நியாயம் உன் பக்கம் நிற்காது. மறைத்து விற்றிருந்தால் கதையே வேறு. ஒன்றை மறைத்தவரிடம் வாங்கிய வண்டியில் இன்னும் என்னென்ன மறைந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அப்போது ரிப்பேர் மலிவாகவே இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

மறைத்தார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியே காட்டிக்கொடுக்கும். இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. எஞ்சின் போதிய சூட்டுக்கு வரும்வரை அது மூடியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு திறந்து, கூலன்டை ரேடியேட்டருக்கு விடும். சூடேறுகிற கோளாறு உள்ள வண்டியில் சிலர் இந்த வால்வையே கழற்றிவிடுவார்கள். கூலன்ட் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பதால் முள் சீக்கிரம் ஏறாது. வாங்குபவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க அது போதும். இன்னொன்று ரேடியேட்டர் ஃபேன். எஞ்சின் சூடானதை சென்சார் சொன்ன பிறகே அது சுற்ற வேண்டும். ஏசியை அணைத்துவிட்டு, குளிர்ந்த எஞ்சினில் சாவியைத் திருப்பிப் பார். அப்போதே ஃபேன் சுற்றினால், சென்சாரை விட்டுவிட்டு நேரடியாக ஒயர் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒர்க்‌ஷாப்பில் ‘ஃபேனை டைரக்ட் பண்ணியிருக்கு’ என்பார்கள். ரேடியேட்டர் மூடிக்கு அடியில் பழுப்பாகக் கசடு ஒட்டியிருந்தால், ஒழுக்கை அடைக்கும் மருந்து ஊற்றியிருக்கிறார்களா என்று கேள். (எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியில் கை வை. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும்.) ஆயில் மூடியின் உட்புறத்தையும் பார்க்கச் சொல். பால் காபி போல ஒரு குழம்பு படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இவற்றில் ஒன்றுமே இல்லை, வெறும் ஹோஸ் ஒழுகுகிறது அல்லது வாட்டர் பம்ப் போயிருக்கிறது என்று தெரிந்தால், அது வயதின் பழுது. அவர் தரும் பாதிக்கு மேல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியை வைத்துக்கொள்.

ஆனால் வால்வு இல்லை, ஃபேன் டைரக்ட் என்று தெரிந்தால், இந்தப் பழுது முன்னமே யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று பொருள். அந்த யாரோ விற்றவர்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதே. முந்தைய ஓனரும் செய்திருக்கலாம். விற்றவர் அறியாமலேகூட வாங்கி வைத்திருக்கலாம். அதனால்தான் அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்பது முக்கியமாகிறது. எஞ்சினில் வேலை ஏதும் நடந்திருக்கிறதா என்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாய். எந்த வேலையும் இல்லை, செக் பண்ணித்தான் வைத்திருக்கிறோம் என்று அவர் பதில் போட்டிருக்கிறார். உன் கையில் இருப்பதில் அதற்கு ஈடானது வேறில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘குறைபாடு’ என்பதை விளக்கும்போது, விற்பவர் எந்த விதத்திலாவது உறுதி சொன்ன தரத்தில் குறை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறது. அறியாமல் சொன்னாலும் சொன்னது அவர்தான். அந்த உரையாடலையும் விற்பனை விளம்பரத்தையும் இன்றே படமெடுத்து வை.

டெலிவரி நோட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பதைப் பார்த்து பயந்திருக்கிறாய். கண்ணுக்குத் தெரிகிற கீறலுக்கும் தேய்ந்த டயருக்கும் அந்த வரி பொருந்தும். பொய் சொல்லி விற்றதை அது மூடிவிடாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் மேல் எழுந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம். ‘நீயே பார்த்து வாங்கியிருக்கலாமே’ என்பார். சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிகிற பழுதாக இருந்தால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. எஞ்சினுக்குள் கழற்றிய வால்வு யார் கண்ணுக்கும் தெரியாது.

நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2015-இல் வந்த சட்டத்தின்படி, டீலரிடம் வாங்கிய பழைய காரில் குறையிருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே உரிமை இங்கேயும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படிக் குறித்த நாட்கணக்கு இல்லை. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் ‘நியாயமான காலம்’ என்கிறது. அதற்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அதன் பிறகு நஷ்டஈடு கேட்க முடியுமே தவிர, திருப்பிக் கொடுக்கும் உரிமை நழுவிவிடும். ஆகவே வண்டியை ஓட்டுவதை நிறுத்து. சூடேறிய எஞ்சினை ஓட்டினால் ஹெட் வளைந்து பழுது பெரிதாகும், அந்தப் பழி உன் மேல் வரும். புது சீட் கவர், மியூசிக் சிஸ்டம் என்று எதையும் மாட்டாதே. எக்காரணம் கொண்டும் ஹெட்டைக் கழற்ற விடாதே. கழற்றிவிட்டால் சாட்சியமே போய்விடும். கழற்றாமலே கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யலாம். வண்டியை ஓட்டாமல் டோ செய்து கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் அதைச் செய்து, வால்வு, ஃபேன் நிலையையும் சேர்த்து அவர்கள் லெட்டர்பேடில் அறிக்கை வாங்கு. போகும்போது வண்டி நம்பரைச் சொல்லி பழைய சர்வீஸ் விவரத்தையும் கேள். அதில் இருக்கும் கிலோமீட்டர் உன் மீட்டரில் இருப்பதைவிட அதிகமாக இருந்தால், யோசிக்க ஒன்றுமில்லை, திருப்பிவிடு.

எல்லோரும் கோட்டைவிடுவது ஆர்.சி. விஷயத்தில்தான். வண்டியை அவர் ஷெட்டில் நிறுத்திவிட்டு சாவியைக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துவிடாதே. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர். விற்றுக் கைமாறிவிட்ட வண்டி விபத்தில் சிக்கியபோதும், பதிவேட்டில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உன் பெயருக்கு ஆர்.சி. மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் இன்றே பார். மாறியிருந்தால், அவர் அதிகாரம் பெற்ற டீலர்தானா என்று கேள். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி, அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை ஆன்லைனில் பதிவு செய்தால் பொறுப்பு அவருடையதாகிவிடும். அதிகாரம் பெறாதவர் என்றால், 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்தாகி பெயர் மாறும்வரை வண்டியைக் கைவிடாதே. வண்டி உன் வாசலிலேயே நிற்கட்டும். திருப்பும் உரிமை இருக்கிறவர் வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டிய கட்டாயமில்லை, வேண்டாம் என்று தெரிவித்தாலே போதும் என்று அதே 1930-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வங்கித் தவணையையும் நிறுத்தாதே. உனக்கும் அவருக்கும் உள்ள தகராறு வங்கிக்குச் சம்பந்தமில்லாதது. ஒரு தவணை தவறினாலும் உன் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும்.

பணத்துக்குப் பதில் வேறு வண்டி தருகிறேன் என்பார், பார். இந்த வண்டியை இவ்வளவு சோதித்த பிறகு அந்த வண்டியை மட்டும் வாய்ச்சொல்லை நம்பி எடுக்காதே. நம் ஆளை வைத்துப் பார்க்காமல் சாவி வாங்காதே.

எல்லாம் சொன்ன பிறகும், வைத்துக்கொள்வதே நல்லது என்று ஆகிற நிலையும் உண்டு. விற்றவர் முழு விலையையும் திருப்பித் தரும் அளவுக்குக் கையில் பணம் இல்லாத சின்ன வியாபாரி, வண்டியின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கின்றன, செலவுக்கு ஒரு உச்சவரம்பை மெக்கானிக் எழுத்தில் தருகிறார் என்றால், முழுச் செலவையும் அவரிடம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். வழக்கு போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட அது உனக்கு நிம்மதி. உன்னைக் கோழை என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் அறிக்கை வருவதற்கு முன்பே பாதிப் பணத்தை வாங்கி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போடுவதை மட்டும் செய்யாதே.

அறிக்கை மறைத்ததைக் காட்டினால், அன்றைக்கே கடிதம் எழுது. வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அவர் சொன்னது, சோதனையில் தெரிந்தது, வண்டி வேண்டாம், பணத்தை 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இவ்வளவு போதும், கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலை வாட்ஸ்அப்பிலும் போடு. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல். அதற்கும் அவர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீ குடியிருக்கும் கோவையிலேயே மனு போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. நீ கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது.

அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு, கடிதத்தைச் சேர்ந்தே எழுதலாம். அதுவரை ஆபீசுக்கு பஸ்ஸில் போய் வா.

அன்புடன்,
பெரியப்பா