ரஷ்ய மொழிக் கல்வியும் தமிழ் மொழிபெயர்ப்பும்: முன்னிலைப் பெயர்களை முன்வைத்து

முன்னுரை

சென்னை ஆழ்வார்பேட்டை, கஸ்தூரி ரங்கன் சாலையிலுள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் ரஷ்ய மொழி கற்பிக்கப்பட்டு வருகிறது. சோவியத் காலத்தில் பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா முதலியோர் மொழிபெயர்த்த நூல்களை மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்டது. எனினும், ரஷ்யப் படைப்புகள் பல ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வந்துள்ளன. எம். ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்' அத்தகையது. மொழிபெயர்ப்பாளர்க்கு மூலமொழிக் கல்வி ஏன் தேவை என்பதை முன்னிலைப் பெயர்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இடைமொழியில் மறையும் வேறுபாடு

ரஷ்ய மொழியில் 'தி' ஒருமையையும் நெருக்கத்தையும், 'வி' பன்மையையும் மரியாதையையும் உணர்த்தும். தமிழின் நீ, நீங்கள் ஆகியன இவற்றுக்கு இணையானவை. இன்றைய ஆங்கிலத்திலோ 'யூ' ஒன்றே உண்டு. இரு கரையிலும் உள்ள வேறுபாடு இடைமொழியில் மறைந்துவிடுவதால், ஆங்கில வழி மொழிபெயர்ப்பாளர் அதனைச் சூழல் கொண்டு ஊகிக்க நேர்கிறது.

தல்ஸ்தோயின் 'அன்னா கரேனினா' இரண்டாம் பாகத்தில் விரோன்ஸ்கி அன்னாவிடம் பிரெஞ்சில் பேசுகிறான். ரஷ்ய மொழியின் 'வி' அவர்களிடையே பொருந்தாக் குளிர்ச்சி உடையது, 'தி' ஆபத்தானது, இரண்டையும் தவிர்க்கவே அவன் மொழி மாறுகிறான். 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறத் தயங்கும் காதலரை அறிந்த தமிழ் வாசகர்க்கு இதனை விளக்க அடிக்குறிப்பு வேண்டுவதில்லை.

மூலத்தில் இல்லாத வேறுபாடு

படர்க்கையில் நிலைமை வேறு. ரஷ்ய மொழியில் 'ஓன்' என்னும் ஒரே சொல், தமிழில் அவன், அவர் என இரண்டாகப் பிரியும். இங்கு மரியாதையை மூலத்தின் படர்க்கைப் பெயர் காட்டாது. மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டும். பாத்திரங்கள் ஒருவரையொருவர் 'தி' என்றோ 'வி' என்றோ விளிப்பதும், இயற்பெயருடன் தந்தைவழிப் பெயரைச் சேர்த்து மதிப்புடன் அழைப்பதும் அம்முடிவுக்குச் சான்றாகும். இச்சான்றுகளுள் முதலாவது ஆங்கில வடிவில் பெரும்பாலும் எஞ்சுவதில்லை.

முடிவுரை

ஆங்கில வழி வந்த மொழிபெயர்ப்புகள் தமிழ் வாசிப்புக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும், ஒரு பாத்திரம் மற்றொன்றை எவ்வாறு மதிக்கிறது என்பதை மூலம் சொல்லியிருக்க, தமிழும் சொல்லவல்லதாயிருக்க, அதனை இடையில் இழப்பது தவிர்க்கத்தக்க இழப்பே. ரஷ்ய மொழிக் கல்வியும் தமிழ் மொழிபெயர்ப்புப் பயிற்சியும் இணைந்து நிகழ்வதே அதற்கு வழியாகும்.