பத்தாயத்து அறைகளும் பென் டிரைவின் பிரிவுகளும்

சங்கத்தின் பேரேடும் பற்றுவரவுக் கணக்கும் இந்நாளில் விரலளவேயான பென் டிரைவில் அடங்கி, ஓர் அலுவலகத்தினின்று மற்றோர் அலுவலகத்திற்குச் செல்கின்றன. அதனைக் கையாளும் முறை பற்றிய பாடமொன்றை இம்மாதம் அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

விதைநெல்லுக்கு ஓர் அறை, உணவு நெல்லுக்கு ஓர் அறை எனப் பத்தாயத்தைப் பலகையிட்டுத் தடுப்பது உழவர் வழக்கம். பென் டிரைவையும் அவ்வாறு பல பிரிவுகளாகத் தடுக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் கோப்புகளை அடுக்கும் முறை வேறாக இருக்கலாம். எல்லா முறைகளையும் எல்லாக் கணிப்பொறிகளும் அறியா. தொல்லை இங்கேதான் பிறக்கிறது.

நம் மாநிலத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. நந்தனத்திலுள்ள எல்காட் நிறுவனத்தின் வழியே வாங்கப்பட்ட அக்கணினிகளில், விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இடம்பெற்றன. நெசவாளர், உழவர் இல்லங்களிலும் இருவகை இயங்குதளங்கள் புகுந்தன.

ஓர் உதாரணம் கொள்வோம். தியாகராயநகர் விற்பனைக் கடையில் லினக்ஸ். மயிலாப்பூர்ச் சங்க அலுவலகத்தில் பழைய விண்டோஸ் 7. அடையாற்றில் கணக்கைப் பார்ப்பவரிடம் மாக். கடை எழுத்தர் பென் டிரைவை இரண்டாகத் தடுத்து, லினக்ஸுக்குரிய 'எக்ஸ்ட்4' முறையிலான முதற்பிரிவில் விற்பனைச் சீட்டுகளையும், 'ஃபேட்32' முறையிலான இரண்டாம் பிரிவில் பேரேட்டையும் வைக்கிறார். லினக்ஸ் இரண்டையும் காட்டும். மாக், பேரேட்டை மட்டும் திறக்கும். மயிலாப்பூரிலோ நிலைமை விபரீதமாகும். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முந்திய விண்டோஸ், பென் டிரைவின் முதற்பிரிவை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதனையும் படிக்க இயலாமல், "ஃபார்மேட் செய்யலாமா?" என்று வினவும். 'சரி' என்று அழுத்தினால் விற்பனைச் சீட்டுகள் அழியும். பேரேடு இருந்தும் கண்ணிற்படாது.

கணக்கு அழிந்தால், செலுத்திய கடனையே அங்கத்தினர் மீண்டும் செலுத்த நேரிடலாம். ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. பலரும் திறக்கவேண்டிய கணக்கை முதற்பிரிவில் வைக்க. அதற்கு 'ஃபேட்32' முறை தகும். மூன்று இயங்குதளங்களும் அதனைப் படிக்கவும் எழுதவும் வல்லன. 4 ஜிபி அளவை எட்டும் தனிக் கோப்பை அது ஏற்காது. சங்கக் கணக்கு அவ்வளவு பெருகுவது அரிது.

2. நிகழ்படம் போன்ற பெருங்கோப்புகளை இரண்டாம் பிரிவில், 'எக்ஸ்ஃபேட்' முறையில் வைக்க. இம்முறையை லினக்ஸ் 2019-க்குப் பின்னரே தன் கருவில் சேர்த்துக்கொண்டது. பழைய லினக்ஸுக்குத் தனி மென்பொருள் வேண்டும்.

3. பிரிவு செய்யுமுன் உள்ளிருப்பனவற்றை வேறிடத்தில் படியெடுக்க. லினக்ஸில் 'ஜீபார்ட்டட்', புதிய விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' இதற்கு உதவும். எந்தச் சாதனத்தைத் தேர்ந்தோம் என்பதைக் கொள்ளளவு கண்டு இருமுறை சரிபார்க்க.

4. பிற கணிப்பொறி 'ஃபார்மேட்' செய்யக் கேட்டால் மறுத்துவிடுக. பென் டிரைவை முறைப்படி வெளியேற்றி, வேறு கணிப்பொறியில் சோதிக்க.

5. பிரிவுகளின் விவரத்தைச் சீட்டில் எழுதிக் காரியதரிசியிடம் வைக்க.

பத்தாயம் தீப்பற்றினால் எந்த அறையின் நெல்லும் மிஞ்சாது. ஒரே பென் டிரைவின் இரு பிரிவுகளில் ஒரே கணக்கை வைப்பதும் அத்தகையதே. சாதனம் பழுதானால் இரண்டும் போம். காப்புப் படி வேறொரு சாதனத்தில், வேறொரு பூட்டின்கீழ் இருத்தல் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்:

(அ) நம் சங்கக் கணக்கு எத்தனை இயங்குதளங்களில் திறக்கப்படுகிறது?

(ஆ) பென் டிரைவ் இன்று தொலைந்தால் நாளை எதைக்கொண்டு கணக்கெழுதுவோம்?