"கிவ் சார்" என்பது மரியாதைக் குறைவா?

ரிஷிவந்தியம் பக்கத்து அரசுப் பள்ளியில் தாமதமாக வரும் பிள்ளை, வாசலில் நின்று "மே ஐ கம் இன் சார்" என்று பிசகில்லாமல் கேட்கும். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அதே பிள்ளைக்கு ஒரு ரப்பர் தேவைப்பட்டால், "சார், ரப்பர் கிவ் சார்" என்றுதான் வாயில் வரும். இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன.

"கிராமத்துப் பிள்ளைக்குப் பணிவாகக் கேட்க வராது"

இது பெரிய அநியாயம். திருக்கோவிலூர் பஸ்ஸில் இடம் வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை, "பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்று சொல்லும். கடைக்காரரிடம் "அண்ணா, ஒரு பேனா குடுங்கண்ணா" என்று கேட்கும். பக்கத்து பெஞ்சு நண்பனிடம் "டேய், குடுறா" என்றால் போதும். ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, உரிமையைப் பார்த்துப் பேச்சை மாற்றும் வித்தை ஒன்றாம் வகுப்புக்கு வருமுன்பே அதற்குக் கைவந்துவிடுகிறது.

தமிழில் மரியாதை வினையின் வாலிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஏவல்தான் என்றாலும் "குடுங்க" என்பதில் குறையொன்றும் இல்லை. உறவுப்பெயரும் "கொஞ்சம்" என்ற சொல்லும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆங்கிலத்தில் "கிவ்" என்ற வினைக்கு இப்படி ஒட்டவைக்க வால் கிடையாது. தன் மரியாதையை எங்கே வைப்பது என்று தேடும் பிள்ளை, இருக்கிற ஒரே இடமான "சார்" என்பதில் அதைக் கொண்டுபோய் வைக்கிறது. "கிவ் சார்" என்பதற்குள் "குடுங்க சார்" முழுசாக இருக்கிறது. ஏவலைக் கேள்வியாக மாற்றித்தான் ஆங்கிலம் பணிவு காட்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

"ப்ளீஸ் சேர்த்தால் சரியாகிவிடும்"

பாதிதான் சரி. "கிவ் மீ தி ரப்பர், ப்ளீஸ்" என்பது கொஞ்சம் மென்மையான கட்டளை. நண்பனிடம் அது செல்லும். ஆசிரியரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் "குட் யூ கிவ் மீ", "கேன் ஐ ஹேவ்" என்பவையே பொருந்தும். "கேன் ஐ" தவறு, "மே ஐ" மட்டுமே சரி என்று அடித்துத் திருத்துவதும் வேண்டாம். அனுமதி கேட்க இரண்டும் வழக்கில் உள்ளவை. "மே ஐ" சற்று விறைப்பானது.

"சுற்றி வளைத்தால் பணிவு கூடும்"

நம் விடுப்புக் கடிதங்கள் இந்த நம்பிக்கையில்தான் இன்னும் "ஐ பெக் டு ஸ்டேட்" என்று மன்றாடுகின்றன. மொழியியல் ஆய்வாளர் ஷோஷனா புளும்-குல்கா 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுவோரிடமும் ஹீப்ரு பேசுவோரிடமும் பல வகைக் கோரிக்கைகளைத் தந்து எது பணிவானது என்று கேட்டார். மறைமுகமான குறிப்புகளுக்கு முதலிடம் கிடைக்கவில்லை. "குட் யூ" போன்ற பழக்கமான கேள்வி வடிவங்களுக்கே கிடைத்தது. கோரிக்கை பணிவாகவும் இருக்க வேண்டும், என்ன வேண்டும் என்பதும் கேட்பவருக்கு உடனே புரிய வேண்டும்.

"முதலில் இலக்கணம் வரட்டும், பணிவு தானாக வரும்"

நான் மிகவும் கவலைப்படுவது இந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான். லண்டனுக்குப் புதிதாக வந்த, ஆங்கிலம் அறியாத இரண்டு சிறுவர்கள் வகுப்பறையில் எப்படிக் கேட்கிறார்கள் என்று மொழி கற்றல் ஆய்வாளர் ராட் எல்லிஸ் ஓராண்டுக்கும் மேலாகக் கவனித்து, 1992-இல் எழுதினார். வெறும் சொற்களில் தொடங்கி, ஏவலுக்கு வந்து, பிறகு "கேன் ஐ" வரை இருவரும் முன்னேறினார்கள். ஆனால் ஆளுக்கேற்ப, கேட்கும் பொருளுக்கேற்பப் பேச்சை மாற்றும் திறன் போதிய அளவுக்கு வளரவில்லை. பழகிய முகங்களும் அன்றாடத் தேவைகளும் மட்டுமே உள்ள வகுப்பறை, அதற்கு மேல் அவர்களிடம் எதையும் கோரவில்லை என்பதை எல்லிஸ் ஒரு காரணமாகக் கண்டார்.

ஆங்கிலம் சூழ்ந்த லண்டனிலேயே இப்படி என்றால், வாசலைத் தாண்டினால் தமிழ் மட்டுமே ஒலிக்கும் ரிஷிவந்தியத்தில் பணிவு தானாக எப்படி வரும்? "மே ஐ கம் இன்" என்பதைப் பிள்ளை ஒரே கட்டியாக மனப்பாடம் செய்திருக்கிறது. அதை உடைத்து, "மே ஐ"யை மட்டும் எடுத்து "மே ஐ ஹேவ்" என்று வேறு இடத்தில் பொருத்துவது அடுத்த படி. நாள் முழுக்கக் கேட்பது ஆசிரியராகவும் பதில் சொல்வது பிள்ளையாகவும் இருந்தால், அந்தப் படியில் கால் வைக்கத் தேவையே எழாது.

ஆகவே தேவையை நாம் உண்டாக்கலாம். நாலைந்து பேருக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை டப்பா மட்டும் வையுங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டே ஆக வேண்டும். ஒரு நாள் நண்பனிடம், இன்னொரு நாள் தலைமையாசிரியரிடம், வேறொரு நாள் விருந்தினராக நடிப்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் சாப்பாட்டு வேளையும் விளையாட்டு வேளையும்கூட இதற்கு உதவும். ஆசிரியரும் "க்ளோஸ் தி டோர்" என்பதை விட்டு, "குட் யூ க்ளோஸ் தி டோர்?" என்று பிள்ளையிடம் கேட்கட்டும். பிள்ளைகள் அதிகம் கேட்கும் ஆங்கிலம் அவர் பேசுவதுதானே.

"கிவ் சார்" என்று கை நீட்டும் பிள்ளையைத் திட்ட வேண்டாம், காத்திருக்கவும் வைக்க வேண்டாம். ரப்பரை முதலில் கையில் கொடுங்கள். கொடுக்கும்போதே "கேன் ஐ ஹேவ் தி ரப்பர், சார்? யெஸ், ஹியர் யூ ஆர்" என்று சொல்லிவிடுங்கள்.