சேய்மையினின்று நோயாளரைப் பேணுதல்

திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்பினதாகப் பகுத்தார். நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து பணிபுரிவோனையும் ஓர் உறுப்பாக வைத்து, அவனை 'உழைச்செல்வான்' என்றார். உழை என்பது பக்கம். அங்ஙனமாயின், எவரும் பக்கத்தே அணுகலாகாத நோய் வருங்கால் அந்நான்காம் உறுப்பு யாதாகும்? இவ்வினாவை 2020-ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்று நம்முன் வைத்தது.

அக்காலத்தே நம் மாவட்டத்து நோயாளர்க்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிகிச்சை அளித்தது. எனினும் நோயுற்றார் அனைவரையும் மருத்துவமனைகளில் வைத்தல் எந்நாட்டிற்கும் இயலாததாயிற்று. ஆதலின், நோய் கடுமையில்லாதார் இல்லத்தே தனித்திருந்து குணமடையலாமென்றும், அவர்தம் நிலையைச் சுகாதாரப் பணியாளர் நேரிலும் தொலைபேசியிலும் நாள்தோறும் வினவி அறிதல் வேண்டுமென்றும் நடுவண் அரசு நெறி வகுத்தது.

ஈண்டு ஓர் இடர் உண்டு. இந்நோயிற் சிலர்க்கு இரத்தத்திலுள்ள பிராணவாயு குறைந்தும் மூச்சுத்திணறல் தோன்றுவதில்லை. தம் நிலை தமக்கே தெரியாமையின் அதனை அளந்தறிதல் இன்றியமையாததாயிற்று. அதற்குரியது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ ஆவோயாகி 1974-இல் இதன் தத்துவத்தை வெளியிட்டார். செவ்வொளியும் கண்ணுக்குப் புலனாகா அகச்சிவப்பு ஒளியும் விரலினூடே செலுத்தப்படும். பிராணவாயு நிறைந்த குருதி அகச்சிவப்பு ஒளியையும், அது குன்றிய குருதி செவ்வொளியையும் மிகுதியாக உட்கொள்ளும். நாடித் துடிப்புதோறும் மாறும் இவ்வளவுகளை ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்துணை என்று கருவி காட்டும். அது 94-க்குக் கீழே இறங்கின் மருத்துவ உதவியை நாடுக என்றது 2021 ஏப்ரலில் வெளியான நடுவண் நெறிமுறை.

நிற்க, இவ்வெண் ஒன்றையே நம்பியிருத்தல் தகுமோ? தகாது. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைப் பிழைபடுத்தும். மேலும், மறைந்துள்ள பிராணவாயுக் குறைவை இக்கருவி காட்டத் தவறுதல் வெள்ளையரினும் கறுப்பினத்தாரிடம் ஏறக்குறைய மும்மடங்கு மிகுதியென அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2020-இல் வெளியிட்டனர். கருநிறத்தார் பலர் வாழும் நம் நாட்டிற்கு இஃது அயலார் செய்தியன்று. ஆகவே வினவுவோர், 'எண் எத்துணை?' என்று கேட்டு அமைதலாகாது. நேற்றைய அளவினும் இன்று குறைந்ததா, சிறிது நடந்தால் இளைக்கின்றதா, உதடு நீலம் பூத்ததா, உண்டீரா, உறங்கினீரா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டல் வேண்டும். மறுமொழி தரும் குரலின் தளர்ச்சியையும் செவி கொள்ளல் வேண்டும்.

மக்கள் வளைகுடா நாடுகளிற் பணிபுரிய, முதியோர் தனித்துறையும் இல்லங்கள் நாஞ்சில் நாட்டிற் பல. கருவியின் சிற்றெழுத்து அவர்தம் கண்ணுக்குப் புலப்படாதிருக்கலாம். தொலைபேசி ஒலித்தும் எழுந்து செல்ல வலியிலராகலாம். அத்தகையோர்க்கு, வாசற்புறத்தே விலகி நின்றேனும் நாளிருமுறை வினவும் அண்டைவீட்டாரே துணையாவர்.

மாணவராகிய நாம் இதற்கெனப் பெருங்கல்வி பயிலவேண்டுவதில்லை. கருவியைச் செவ்வனே மாட்டவும், காலை மாலை அளவுகளை ஏட்டிற் குறிக்கவும், ஐயம் நேர்ந்தவிடத்துத் தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கவும் ஒரு நாளிற் கற்றுக்கொள்ளலாம். இன்னொரு தொற்று வருமுன் நம் தெருவில் தனித்திருப்போர் யாவரென்று அறிந்துவைத்தல் நம் கடன். வள்ளுவனார் வகுத்த நான்காம் உறுப்பு சேய்மையினின்றும் இயங்கும். அதற்குத் தவறாது வினவுவார் ஒருவர் வேண்டும்.