வீட்டு மீன்தொட்டி: அமைத்தலும் பேணலும்

மீன்தொட்டி வைத்துப் பார்த்த வீட்டாரிடம் அதுபற்றி விசாரித்தால், அவர்களுட் பெரும்பாலார் முதலிற் கூறுவது மீன்கள் இறந்த கதையையே ஆகும். வாங்கி வந்த ஒரு கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். பிள்ளைகள் அழுவார்கள். கண்ணாடித் தொட்டி வெங்காயம் கொட்டிவைக்கும் பெட்டியாக மாறிவிடும். "எங்கள் கைக்கு மீன் ராசியில்லை" என்று கூறிப் பலர் இம்முயற்சியைக் கைவிடுகின்றனர். இது ராசியின் குற்றமன்று. மண்ணைப் பண்படுத்தாமல் விதைத்தவனுக்கு நேர்வதே இங்கும் நேர்கின்றது. நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர், தம் தொழிலிற் கற்ற அறிவையே இங்குப் பயன்படுத்தினால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம். அதனை விளக்குவதே இவ்வெளியீட்டின் நோக்கம்.

எழுதுபவரின் முதற் பிழை

இதனை எழுதும் போதனாசிரியரும் இப்பாடத்தை மீன்களைக் கொன்றே கற்றவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹட்டனுக்கு மாற்றலாகி வந்த ஆண்டில், மகளின் விருப்பத்துக்கிணங்கி, இரண்டடித் தொட்டியொன்றும் பத்துப் பொன்மீன் குஞ்சுகளும் வாங்கினேன். அன்று மாலையே குழாய்நீர் நிரப்பி மீன்களை விட்டேன். பிள்ளை ஆசையோடு நாளுக்கு நான்கு முறை உணவிட்டாள், நானும் தடுக்கவில்லை. நான்காம் நாள் நீர் பால்போற் கலங்கிற்று. ஆறாம் நாள் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நின்றன. உடனே நீர் முழுவதையும் கொட்டி, பருக்கைக் கற்களையும் குழாய்நீரிலே தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பினேன். பன்னிரண்டாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே கிழமையில், மக்காத மாட்டெருவைப் பாத்தியில் இட்டு உடனே கோவா நாற்று நட்ட ஒருவரிடம், "எரு மக்குமுன் நட்டால் நாற்றுக் கருகாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீடு திரும்பும் வழியிலேதான் அக்கேள்வி எனக்கும் உரியது என்பது புலனாயிற்று.

தொட்டியில் நிகழ்வது யாது?

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றது. அதன் எச்சமும், உண்ணாது விட்ட உணவும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு. நிலத்தில் யூரியா இட்டால் அது அமோனியம் ஆகிப் பின்னர் நைத்திரேற்று ஆகின்றதன்றோ? அம்மாற்றத்தைச் செய்யும் பற்றீரியா வகைகளே தொட்டியிலும் வேலை செய்ய வேண்டும். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், இதுவும் நஞ்சே. இன்னொரு கூட்டம் நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவை பருக்கைக் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதுத்தொட்டியில் இவை போதிய அளவு இரா. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். நம் மலைக்குளிரில் எட்டுக் கிழமையும் ஆகலாம்.

வைக்கோலையும் பச்சிலையையும் உழுது புதைத்து, இரண்டு மூன்று கிழமை ஊறவிட்ட பின்னரே நாற்று நடுகின்றோம். தொட்டியிலும் அவ்வாறே நீரை முதலிற் பதப்படுத்தி, மீனைப் பின்னர் விட வேண்டும். இவ்வெளியீட்டிற் கூறப்படும் மற்றவை யாவும் இவ்விதியிலிருந்தே பிறக்கின்றன.

இதில் நாணமடைய ஏதுமில்லை. தொட்டியில் மீன், செடி, நத்தை ஆகிய மூன்றையும் சமநிலையில் வைத்துக் காட்டியவர் இலண்டனைச் சேர்ந்த இரசாயனவியலாளர் றொபேட் வாரிங்டன். அவரும் முதலிற் பொன்மீனையும் வலிஸ்நேரியாச் செடியையும் மட்டுமே வைத்தார். பழுத்த இலைகள் அழுகி நீர் கெட்டது. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளைச் சேர்த்த பின்னரே தொட்டி தெளிந்தது. அவர் இதனை 1850 இல் வெளியிட்டார். பிழையைக் கண்டு காரணம் தேடியதே அவரது வெற்றியாகும்.

தொட்டியும் இடமும்

தொடக்கத்துக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி போதும். சிறிய கிண்ணங்களை வாங்கலாகாது. நீர் குறையக் குறைய, செய்யும் பிழை விரைவிற் கொல்லும். இத்தொட்டி விளிம்புவரை 56 லீற்றர் கொள்ளும். கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 45 லீற்றர் நீர் நிற்கும். நிறைந்த தொட்டி 50 கிலோ பசளை மூடை ஒன்றிலும் பாரமானது. ஆகையால் ஆட்டமில்லாத மேசைமீது, அடியில் றிஜிபோம் தகடு விரித்து வைக்க வேண்டும். நீருடன் தூக்க ஒருபோதும் முயலற்க.

நேர்வெயில் படும் யன்னலோரம் பாசியை வளர்க்கும். அடுப்புப் புகை சேரும் இடமும் ஆகாது. மருந்துத் தெளிகருவியும் பூச்சிநாசினிப் போத்தல்களும் இருக்கும் அறை முற்றாக விலக்கத்தக்கது. காற்றுப் பம்பி அவ்வறையின் காற்றையே நீருக்குள் செலுத்தும்.

பருக்கைக் கல்லை நீர் தெளியும்வரை கழுவி 2 அங்குலக் கனத்துக்கு இடுக. சவர்க்காரம் தொடவும் கூடாது. காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று போதுமானது. இரவும் பகலும் அது ஓட வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால், கோப்பையால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து சில நிமிடம் ஊற்றிக்கொண்டிருப்பது ஒட்சிசனைச் சேர்க்கும்.

நீர்

நகரக் குழாய்நீரிற் குளோரீன் உண்டு. அது மீனின் செவுளையும் பயன்தரும் பற்றீரியாவையும் அழிக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் திறந்து வைத்த நீரையே பயன்படுத்துக. நான் பருக்கைக் கல்லைக் குழாய்நீரிற் கழுவியபோது, ஆறு நாளில் முளைத்திருந்த சிறிது பற்றீரியாவையும் கொன்றேன் என்பதை இப்போது நீங்களே உணர்வீர்கள்.

தோட்டங்களில் ஓடைநீரையும் பீலிநீரையும் எடுப்போர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலையின் கொப்புள நோய் 1946 இல் இலங்கையிற் காணப்பட்டது முதல், அதற்குச் செப்புக் கலந்த பூஞ்சணநாசினி தெளிப்பது வழக்கமாயிற்று. உருளைக்கிழங்கு, தக்காளி வெளிறல் நோய்க்கும் செப்பு மருந்து தெளிப்பர். செப்பு சிற்றளவிலேயே மீனையும் நத்தையையும் கொல்ல வல்லது. மழைக்காலத்தில், தெளிப்பு நடக்கும் மலைச்சரிவுக்குக் கீழுள்ள ஓடையில் நீர் எடுத்தல் ஆபத்தானது. அவ்வோடைச் செடிகளையும் தொட்டியில் நடலாகாது.

நம் மலைநீர் மென்னீர். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. அமோனியம் சல்பேற்றுத் தொடர்ந்து இட்ட பாத்தி புளிப்பதுபோல், அமோனியா நைத்திரேற்றாக மாறுந்தோறும் தொட்டிநீரும் சிறிது புளிக்கின்றது. பாத்திக்கு டொலமைற்று இடுகின்றோம். தொட்டிக்கு நன்கு கழுவிய சிப்பியோட்டுத் துண்டுகள் ஒரு கைப்பிடி போதும்.

பதப்படுத்தும் முறை

நீர் நிரப்பி, வலிஸ்நேரியா அல்லது ஐதரில்லாச் செடிகளை நட்டு, வடிகட்டியை ஓடவிடுக. மீன் விடாமலே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டு வருக. அது அழுகித் தரும் அமோனியாவே பற்றீரியாவுக்கு உணவு. நோயற்ற பழைய தொட்டியொன்றிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லோ பயன்படுத்திய பஞ்சோ கிடைக்குமாயின், தயிருக்கு உறையிடுவதுபோல் அதனைச் சேர்த்தால் காலம் குறையும். அமோனியா, நைத்திரைற்று ஆகியவற்றை அளக்கும் சோதனைத் திரவம் மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும். இரண்டும் பூச்சியமாகக் காட்டிய பின்னர், இரண்டு மூன்று மீன் மட்டும் விடுக. இரு கிழமை கழித்து மேலும் இரண்டு மூன்று சேர்க்கலாம்.

மீன் தெரிதல்

கரையோர நகரத்தில் நன்கு வளரும் மீன் யாவும் ஹட்டனில் வளரா. இவ்வூர் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ளது. தை மாத இரவில் வீட்டுத் தொட்டிநீரும் நன்கு குளிரும். கப்பி போன்ற வெப்பவலய மீன்களுக்கு 22 பாகை செல்சியசுக்குக் குறையாத நீர் வேண்டும். அவற்றை விரும்புவோர் 45 லீற்றருக்கு 50 வாற்று வெப்பமாக்கி ஒன்றை வைத்தல் அவசியம். நீருக்குள் கையிடுமுன் அதன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். வெப்பமாக்கி வேண்டாதோருக்கு, குளிர் தாங்கும் சீப்ரா டானியோவும், சீனத்து வெண்முகில் மலை மீனும் ஏற்றவை. இரண்டடித் தொட்டியில் இவற்றுள் ஒரு வகையில் ஆறு முதல் எட்டு மீன் வைக்கலாம்.

பொன்மீன் குளிரை நன்கு தாங்கும். ஆனால் மிக வளர்ந்து, மிகுந்த கழிவையும் தருவது. பத்துக் குஞ்சுகளை நான் இட்ட தொட்டி, வளர்ந்த ஒரு மீனுக்கே போதாது. முற்றத்திற் பெரிய சீமெந்துத் தொட்டி கட்டக்கூடியோர் அதனை வளர்க்கலாம். புதிய சீமெந்துத் தொட்டியில் சில கிழமை நீர் நிரப்பி, பலமுறை மாற்றிச் சுண்ணாம்புக் காரத்தை நீக்கிய பின்னரே மீன் விடுக.

வாங்கிய மீனைப் பையுடன் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பின்னர் பைக்குள் தொட்டிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுக.

அன்றாடப் பராமரிப்பு

உணவு: இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ போதும். கிழமையில் ஒரு நாள் பட்டினி நன்று. மிகை உணவு மிகைப் பசளைக்கு ஒப்பானது.

நீர் மாற்றம்: கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு நீரை, கல்லிடைக் கழிவுடன் இறப்பர் குழாயால் இழுத்தெடுத்து, அதே வெப்பநிலையுள்ள ஆறவைத்த நீரை ஊற்றுக. முழு நீரையும் ஒருபோதும் மாற்றலாகாது. பஞ்சை, எடுத்த தொட்டிநீரிலேயே பிழிந்து அலசுக.

கழிவுநீர்: இதில் நைத்திரேற்று உண்டு. வீட்டுத் தோட்டத்துக் கீரைக்கும் லீக்ஸுக்கும் ஊற்றலாம். உப்போ மருந்தோ இட்ட நீரை ஊற்றலாகாது.

ஆபத்துக் குறி: மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நின்றால், உணவை நிறுத்தி, காற்றைக் கூட்டி, மூன்றிலொரு பங்கு நீரை நாள்தோறும் மாற்றுக. காரணத்தைத் தேடாமல் மருந்து ஊற்றுதல் தவறு.

இரண்டாம் பிழை

பதப்படுத்திய தொட்டி ஆறு மாதம் நன்றாக இருந்தது. ஒரு நாள் உருளைக்கிழங்குப் பாத்தியில் செப்பு மருந்து தெளிக்கும் முறையைச் செய்துகாட்டி வீடு வந்தேன். கையை நீரில் மட்டும் அலம்பினேன்; சட்டைக் கை மருந்தில் நனைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பழுத்த இலையொன்றை எடுக்க முழங்கைவரை தொட்டிக்குள் விட்டேன். மறுநாட் காலை நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று அடியிற் கிடந்தன. பாதி நீரை உடனே மாற்றியும் மீன்களுள் மூன்றே தப்பின. "அப்பா, நேற்று என்ன செய்தீர்கள்?" என்று மகள் கேட்டாள். அன்று முதல், மருந்து தெளித்தவர் குளித்து உடை மாற்றுமுன் தொட்டியருகே செல்லலாகாது என்பது எங்கள் வீட்டு விதி.

இது மீனுக்கு மட்டும் உரிய விதியன்று. அச்சட்டைக் கையுடன் சோற்றுக் கலத்தையும் குழந்தையையும் தொடுவோர் உண்டு. நமக்குத் தெரியாமற் போவதை, தொட்டி ஓர் இரவிற் காட்டிவிடுகின்றது. மீன்தொட்டியாற் கமக்காரர் பெறும் பெரும் பயன் இதுவே எனலாம்.

ஓடையில் விடாதீர்

வேண்டாத மீனை ஓடையில் விடுதல் இரக்கமன்று, கேடு. ஹட்டன் ஓயா மகாவலியைச் சேர்கின்றது. டிக்கோயா, நோர்வூட் பக்கத்து நீர் காசல்ரி நீர்த்தேக்கத்தின் வழியே களனியைச் சேர்கின்றது. இங்கு விடும் ஒரு மீன் நாட்டின் இரு பேராறுகளுள் ஒன்றை அடையும். தொட்டி துப்புரவாக்கும் எனக் கூறி விற்கப்படும் முட்செதில் உறிஞ்சு மீன் இவ்வாறே நம் நீர்நிலைகளிற் பரவிற்று. இந்நாட்டுக்கே உரிய புலத் ஹப்பயா, லே தித்தெய்யா போன்ற சிறுமீன்கள் இத்தகைய அந்நிய மீன்களால் இடரடையக்கூடும். அவற்றை ஓடையிற் பிடித்துத் தொட்டியில் அடைப்பதும் ஆகாது. வேண்டாத மீனை வளர்ப்போர் ஒருவருக்குக் கொடுத்துவிடுக.

நினைவிற் கொள்க

1. நீரைப் பதப்படுத்திய பின்னரே மீன்.
2. தொட்டி பெரிது, மீன் சில, உணவு சிறிது.
3. கிழமைக்குக் காற்பங்கு நீர், முழு நீரன்று.
4. மருந்து தெளித்த கையும் தெளிப்பு நிலத்து நீரும் தொட்டிக்கு ஆகா.
5. மீன் இறந்தால் நாளையும், செய்த மாற்றத்தையும் கொப்பியில் எழுதிக் காரணம் தேடுக.

அலங்கார மீனைப் பெருக்கி விற்க எண்ணுவோர், 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறுக. ஆயினும் முதலில் ஒரு தொட்டியை ஓராண்டு குறைவின்றிப் பேணிக் காட்டுக. ஒரு பாத்தியில் தேறிய பின்னரே ஏக்கர்க் கணக்கில் இறங்குவது கமக்காரர் மரபு.